பாதி அறுவடை

நெல்லை எந்திரம் எடுத்துக்கொண்டது; வைக்கோலை வயலிலேயே விட்டுவிட்டது. பஞ்சாபின் புகையும் காவிரி டெல்டாவின் வைக்கோல் கட்டுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அறுவடை எந்திரம் வயலில் இறங்கினால் ஓர் ஏக்கர் நெல் ஒரு மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அறுப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் உள்ளேயே நடந்து, நெல் டிராக்டர் டிப்பரில் வந்து கொட்டுகிறது. அறுப்புக்கு ஆள் கிடைக்காத காலத்தில், மழை மிரட்டும் நேரத்தில், இந்த எந்திரம் உழவருக்குச் செய்திருக்கும் உதவியைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வண்டி கரையேறிய பிறகு வயலைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு அடித்தாள் நிற்கும். அதன் மேல், எந்திரம் பின்பக்கமாகத் தள்ளிவிட்ட வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும்.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் இப்படி ஒரு மிச்சம் இருந்ததில்லை. அடியோடு ஒட்ட அறுத்து, அரி போட்டு, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கதிரடித்த தாளைப் பரப்பி, மாடு கட்டிப் போரடித்து, ஒட்டியிருக்கும் கடைசி நெல்லையும் உதிர்த்துவிட்டு, காய்ந்த வைக்கோலைப் போர் போடுவதோடுதான் அறுவடை முடியும். அந்த உழைப்பின் கொடுமையை மறந்துவிட்டுப் பழையதைப் புகழ்வது என் நோக்கமல்ல. நெல்லும் வைக்கோலும் அன்றைக்கு ஒரே வேலையில் வீடு வந்து சேர்ந்தன என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

அறுவடையை எந்திரமயமாக்கிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் பாதியைத்தான் ஆக்கினோம். மறுபாதியின் செலவையும் சிரமத்தையும் உழவரிடமே விட்டுவிட்டோம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முடியும்போது டெல்லியின் வானம் சாம்பல் நிறமாகிறது. தொலைக்காட்சிகள் பஞ்சாப் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. அந்த வாதங்களில் இந்த விட்டுப்போன பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இருபது நாள் அவகாசம்

பஞ்சாபில் ஏறக்குறைய 30 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிராகிறது. அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வைக்கோல் சேர்கிறது. நம் ஊரில் இதைக் கேட்டால், 'அவ்வளவு வைக்கோலா, மாட்டுக்குப் போடக் கூடாதா?' என்றுதான் முதலில் தோன்றும். பஞ்சாப் மாடுகள் சாப்பிடுவது கோதுமைத் தூரி, அதாவது நறுக்கிய கோதுமை வைக்கோல். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், செரிப்பது குறைவு. வீட்டிலேயே நல்ல கோதுமைத் தூரி இருக்கும்போது அதை யார் போடுவார்கள்? பாசுமதி வைக்கோலுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு உண்டு. மற்ற ரகங்களின் வைக்கோல் அங்கே உழவருக்கு எந்தப் பயனும் இல்லாத பாரம்.

அந்தப் பாரத்தை இறக்கி வைக்க நேரமும் இல்லை. நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2009-இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10-ஆம் தேதிக்கு முன்னால் நடவு கூடாது என்றது அது. கோடை வெயிலில் வயலில் நீரைக் கட்டி வீணாக்காமல், பருவமழையை ஒட்டி நடட்டும் என்பதுதான் நோக்கம். தேவையான சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதும் அறுவடையும் அக்டோபர் பிற்பாதிக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போனது. கோதுமையோ நவம்பர் நடுவுக்குள் மண்ணில் விழுந்தாக வேண்டும். தாமதமானால் மார்ச் மாத வெப்பம் மணியைச் சுருக்கிவிடும். ஆக, நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அதற்குள் ஏக்கருக்கு இரண்டு டன், இரண்டரை டன் வைக்கோலை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு தீப்பெட்டி அந்த வேலையை ஒரு மாலையில், செலவே இல்லாமல் முடித்துக்கொடுத்தது. அந்தப் பருவத்தில் காற்று மந்தமாகி, குளிர் இறங்கி, புகை மேலே எழாமல் தேங்கியது. வடமேற்குக் காற்று அதை டெல்லிப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது.

இதில் நெல் ரகத்துக்கும் பங்கு உண்டு. பஞ்சாப் விவசாயிகள் நல்ல விளைச்சலுக்காக நம்பியிருந்த பூசா-44 ரகத்தின் வயது 155 முதல் 160 நாள். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட பி.ஆர்-126, விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 125 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். ஒரு மாதம் மிச்சம். வைக்கோல் பிரச்சினைக்கு எந்த எந்திரமும் தராத அவகாசத்தை ஒரு விதை தந்திருக்கிறது என்பதை, எந்திரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

தாளுக்கு நடுவே விதை

எந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஹேப்பி சீடர். ஆஸ்திரேலிய வேளாண் ஆராய்ச்சி உதவியோடு, பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தினர் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கத் தொடங்கிய கருவி இது. வைக்கோலை அகற்றிவிட்டு விதைப்பது எப்படி என்ற கேள்வியையே விட்டுவிட்டார்கள். வைக்கோல் இருக்கும்போதே விதைப்பது எப்படி என்று யோசித்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் ஓடும் இந்தக் கருவியில், விதைக் கொழுக்களுக்கு முன்னால் வேகமாகச் சுழலும் கத்திகள் இருக்கின்றன. கொழு போகும் வரியில் உள்ள தாளை மட்டும் அவை வெட்டி விலக்கும். அந்தக் கீறலில் விதையும் உரமும் விழும். மற்ற இடத்து வைக்கோல் எல்லாம் மண்ணின் மேல் மூடாக்காகக் கிடக்கும். உழவு இல்லை, தீ இல்லை, ஒரே ஓட்டத்தில் விதைப்பு முடிந்தது. மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பல இடங்களில் ஒரு தண்ணீர் மிச்சமாகிறது, களையும் குறைகிறது. 2019-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, எரித்துவிட்டு விதைக்கும் முறையைவிட ஹேப்பி சீடர் முறையில் சராசரியாக 10 முதல் 20 சதவீதம் கூடுதல் லாபம் என்று கணக்கிட்டது.

அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் பாய்ந்து போய் வாங்கவில்லை? காரணம் வயலில் இருக்கிறது. அறுவடை எந்திரம் வைக்கோலைப் பரவலாகத் தூவாமல் வரியாகக் குவித்துவிட்டுப் போனால், அந்தக் குவியலில் ஹேப்பி சீடரின் கத்தி சிக்கிக்கொள்ளும். அதனால் அறுவடை எந்திரத்தின் பின்புறத்திலேயே வைக்கோலை நறுக்கிச் சீராக வீசும் ஓர் இணைப்பு தேவைப்பட்டது. அதுதான் சூப்பர் எஸ்.எம்.எஸ். 2018-இல் பஞ்சாப் அரசு அதை அறுவடை எந்திரங்களுக்குக் கட்டாயமாக்கியது. சரியான ஆணை, ஆனால் அந்த இணைப்பு ஓடினால் எஞ்சினுக்குச் சுமை கூடும், டீசல் கூடும், வேகம் குறையும். வண்டிக்காரர் வாடகையை ஏற்றுவார், இல்லாவிட்டால் இணைப்பைக் கழற்றி வைத்துவிடுவார்.

பனிக்கும் இதில் பங்கு உண்டு. நவம்பர்க் காலையில் வைக்கோல் நனைந்து கிடக்கும். ஈர வைக்கோல் வெட்டுப்படாது, சுற்றிக்கொள்ளும். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகுதான் ஹேப்பி சீடரை இறக்க முடியும். மாலையில் மறுபடி ஈரம் இறங்கிவிடும். ஆக ஒரு நாளில் கிடைப்பது சில மணி நேரம். ஊருக்கு இரண்டு கருவி இருந்தால், வரிசையில் பத்தாவதாக நிற்கும் சிறு விவசாயியின் முறை வருவதற்குள் விதைப்புக் காலம் கடந்துபோகும். அவர் எரிப்பார். அவரை என்ன சொல்ல முடியும்?

இன்னொன்று கண்ணைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக, சுத்தமாக உழுது பரம்படித்த வயல்தான் நல்ல உழவனின் அடையாளம். வைக்கோல் சிதறிக் கிடக்கும் வயலில் கோதுமை முளைப்பதைப் பார்க்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அதனால் வைக்கோலை மண்ணோடு கலக்கிவிட்டு, கூடவே விதைக்கும் சூப்பர் சீடர் பிறகு வேகமாகப் பரவியது. வயல் உழுததுபோல் இருக்கும். ஆனால் அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். டீசலும் அதிகம் குடிக்கும். மண்ணுக்கும் பைக்கும் நல்லது ஹேப்பி சீடர்தான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வயலில் நிற்பவர் தேர்வுக்கு மதிப்புக் கொடுக்காமல் எந்தக் கருவியும் நிலைக்காது.

மத்திய அரசு 2018-இல் பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. தனி விவசாயி வாங்கினால் பாதி விலை மானியம். கூட்டுறவுச் சங்கம் போன்றவை வாடகை மையம் அமைத்தால் 80 சதவீதம். பஞ்சாப், ஹரியாணா, உத்தரப்பிரதேசம், டெல்லி ஆகியவற்றுக்கு இதுவரை 3,000 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. லட்சக்கணக்கில் கருவிகள் வந்திருக்கின்றன. பஞ்சாபில் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் முடிய செயற்கைக்கோள் கணக்கிட்ட தீ நிகழ்வுகள் 2020-இல் 83,002. 2022-இல் 49,922. 2024-இல் 10,909. 2025-இல் 5,114.

எண்கள் மகிழ்ச்சி தருகின்றன. அதே சமயம் ஒரு சந்தேகமும் எழுந்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு உதவும் செயற்கைக்கோள்கள் பகலில் வட இந்தியாவைக் கடப்பது பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி. அவை கடந்துபோன பிறகு விவசாயிகள் தீ வைக்கிறார்கள் என்பதை, ஒரே இடத்தின் மேல் நிலையாக நிற்கும் கொரிய செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு நாசா ஆய்வாளர் ஹிரென் ஜேத்வா 2024-இல் சுட்டிக்காட்டினார். தீ குறைந்திருப்பது உண்மை. ஆனால் எண்கள் காட்டும் அளவுக்கா என்பது விவாதத்துக்குரியது. 2024 நவம்பரில் வைக்கோல் எரிப்பதற்கான அபராதத்தை மத்திய அரசு இரட்டிப்பாக்கியது: இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. அபராதம் கூடக் கூட, தீ வைக்கும் நேரம் மாறுவதில் வியப்பில்லை. வைக்கோலை எடுத்துக்கொண்டு போக ஒரு வண்டி வந்திருந்தால் அந்த நேரக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

அப்படி எடுத்துப் போகும் தொழிலும் வளர்ந்துவருகிறது. ஒரு கருவி அடித்தாளை ஒட்ட வெட்டும். இன்னொன்று வாரி வரியாகச் சேர்க்கும். மூன்றாவது அதைக் கட்டாகக் கட்டும். சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022-இல் திறக்கப்பட்ட ஆலை வைக்கோலிலிருந்து வாகனங்களுக்கான உயிரிவாயு எடுக்கிறது. ஒரு நாளைக்கு 33 டன் அதன் திறன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹரியாணாவின் பானிபட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்டது. 2 லட்சம் டன் என்பது பஞ்சாபில் மட்டும் சேரும் வைக்கோலில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு மாதத்தில் அறுவடையாவதை ஆண்டு முழுவதும் மழையும் தீயும் அண்டாமல் அடுக்கிவைக்க இடம் வேண்டும். லாரியில் எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும் சரக்கு இது. அதனால் ஆலைக்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கட்டும் எந்திரம் கடைசியாகத்தான் போகும்.

டெல்டாவில் வைக்கோல் காசாகிறது

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக் கதை வேறு. இங்கே வைக்கோல்தான் மாட்டுத்தீவனம். அதற்கு விலை உண்டு. சம்பா, தாளடி அறுவடை தை, மாசி மாதங்களில் வருவதால் வெயில் கிடைக்கும். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துவரும் வைக்கோல் கட்டும் எந்திரம், கம்பிப் பற்களால் வைக்கோலை வாரி, உள்ளே உருளைகளுக்கு நடுவே சுருட்டி இறுக்கி, கயிறு சுற்றி, கதவைத் திறந்து கட்டாக உருட்டிவிடுகிறது. ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துத் தானே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வயலிலேயே வியாபாரிக்கு விற்றுவிடுபவர்களும் உண்டு. அறுவடை முடிந்த வாரங்களில், கட்டுகளை மலைபோல் ஏற்றிய லாரிகள் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேயும் பாதி அறுவடையின் சிக்கல் உண்டு. அறுவடை எந்திரத்துக்கு வாடகை மணிக்கணக்கு. "அண்ணே, கொஞ்சம் தாழ்த்தி அறுங்க, வைக்கோல் வேணும்" என்று வயல்காரர் சொல்வார். தாழ்த்தி அறுத்தால் எந்திரத்துக்குள் போகும் தாள் கூடும், வேகம் குறையும், கத்தி மண்ணில் இடிக்கும் பயமும் இருக்கும். ஓட்டுநர் கொஞ்ச தூரம் தாழ்த்திவிட்டுப் பிறகு மெல்ல உயர்த்திவிடுவார். அடித்துப் பிய்த்த எந்திர வைக்கோலுக்கும், ஆள் அறுத்த நீள வைக்கோலுக்கும் உள்ள வித்தியாசம் மாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குறுவையில் நிலைமை இன்னும் கடினம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, ஒழுங்காக நடவு ஆனாலும் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில்தான். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். வைக்கோல் நனைந்து கறுத்துவிடும். ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள்ளேயே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். உடனே தாளடி நட வேண்டிய அவசரத்தில், சிலர் எரிக்கிறார்கள். பலர் சேற்றிலேயே இரும்புச் சக்கரம் ஓட்டி மிதித்துவிடுகிறார்கள். மிதிப்பது எரிப்பதைவிட நல்லது. ஆனால் பச்சை வைக்கோல் மட்கும்போது அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். நட்ட சில நாளில் பயிர் வெளுத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மிதித்துவிட்டு இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விட்டால் இந்தச் சிக்கல் குறையும். அந்த இடைவெளியைத்தான் மழையும் முறைத்தண்ணீரும் தருவதில்லை.

டெல்டாவுக்கே உரிய இழப்பு இன்னொன்று உண்டு. அதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதே இல்லை: உளுந்தும் பச்சைப்பயறும். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே மெழுகுபதத்து ஈரத்தில் பயறு தெளிப்பது இங்குள்ள வழக்கம். உழவு வேண்டாம், பாசனம் வேண்டாம். பனி ஈரத்திலேயே வளரும். அறுப்பாட்களின் கால் அந்த முளைக்குப் பெரிய கேடு செய்ததில்லை. இன்று அதே வயலில் முதலில் அறுவடை எந்திரம், அடுத்து நெல் ஏற்றும் டிராக்டர், அடுத்து வைக்கோல் கட்டும் டிராக்டர், கடைசியில் கட்டு ஏற்றும் வண்டி. தப்பிய முளைகள் மேல் வைக்கோல் வரி கிடக்கும். கட்டும் எந்திரம் வரத் தாமதமானால் அதற்கடியிலேயே அவை வெளுத்துச் செத்துப்போகும். வைக்கோல் விற்ற காசு கைக்கு வரும். வராமல் போன உளுந்தின் காசு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பொட்டாஷ் கணக்கு

இத்தனைக்கும் பிறகு, கட்டி விற்பதே சிறந்த வழி என்று தோன்றலாம். புகை இல்லை, காசு உண்டு. மண்ணின் பக்கமிருந்து பார்த்தால் கதை மாறுகிறது.

ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து இருப்பதாக வேளாண் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போவதில்லை, தாளிலேயே தங்கிவிடுகிறது. எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதியும் கரிமம் முழுவதும் காற்றில் போகும். ஆனால் சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பலாக அங்கேயே விழும். கட்டி லாரியில் ஏற்றினால் அத்தனையும் ஊரைவிட்டே போய்விடுகிறது. எரிப்பதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. புகை பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகிறது, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. கட்டி விற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மண் கொடுக்கிறது என்பதுதான் செய்தி.

25 கிலோ சாம்பல்சத்து என்பது கடையில் வாங்கும் பொட்டாஷ் உரத்தில் ஏறக்குறைய 42 கிலோ. இந்தியா தன் பொட்டாஷ் உரத் தேவை முழுவதையும் இறக்குமதிதான் செய்கிறது. 2021-இல் தமிழக அரசு அறிவித்த குறுவைத் தொகுப்பில் ஏக்கருக்கு இலவசமாகக் கொடுத்தது அரை மூட்டை, அதாவது 25 கிலோ பொட்டாஷ் உரம். ஓர் ஏக்கரிலிருந்து ஒரு டன் வைக்கோல் வெளியேறினால், அந்த இலவசத்தைவிட அதிகமான பொட்டாஷ் லாரியில் போய்விடுகிறது. முன்பு வைக்கோல் சொந்த வீட்டு மாட்டுக்குப் போய், எருவாக வயலுக்குத் திரும்பியது. மாடு குறைந்தது, வைக்கோல் பாலக்காட்டுக்குப் போகிறது, எரு அங்கேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால் விற்கக் கூடாதா? விற்கலாம். பால் மாட்டுக்காரர்களுக்கு அந்த வைக்கோல் தேவை. டெல்டா விவசாயிக்கு அந்தக் காசும் தேவை. ஆனால் அடித்தாளையும் ஒட்ட வெட்டி, வயலை வழித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் பாதிக்கு உரம் வாங்குவது நட்டம். வரியாகக் கிடக்கும் வைக்கோலை மட்டும் விற்றுவிட்டு, நிற்கும் தாளைக் கோடை உழவில் மடக்கிவிடுவது நல்லது. வைக்கோல் விற்ற வயலுக்கு அடுத்த பட்டத்தில் எருவோ பொட்டாஷோ கூடுதலாக வைக்க வேண்டும் என்பதை, வேளாண் துறை மண்வள அட்டையில் தனி வரியாகவே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

எந்திரங்களைப் பொறுத்தவரை பஞ்சாப் கொடுத்த பெரும் விலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கருவியை விற்பதற்கு மானியம் கொடுப்பது எளிது, ஆண்டில் சில வாரம் மட்டுமே ஓடும் கருவியைக் கடைசி வரிசை விவசாயிக்கும் நேரத்தில் கொண்டுசேர்ப்பது கடினம் என்பது. இரண்டு ஏக்கர்காரர் கட்டும் எந்திரம் வாங்கப் போவதில்லை, வாங்கவும் வேண்டாம். அவருக்கு வேண்டியது, நெல் அறுக்க வண்டிக்குப் பதிவு செய்யும்போதே வைக்கோலுக்கும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி. தாள் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், வைக்கோல் வரியாக விழ வேண்டுமா, நறுக்கித் தூவப்பட வேண்டுமா, எத்தனை நாளுக்குள் கட்டும் எந்திரம் வரும், உளுந்து தெளித்த வயலா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பதிவிலேயே இருக்க வேண்டும். கூலியை மணிக்கணக்காக இல்லாமல் ஏக்கர் கணக்காக வைத்தால், தாழ்த்தி அறுப்பதா உயர்த்தி அறுப்பதா என்ற சண்டையை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசின் வேளாண் பொறியியல் துறை ஏற்கெனவே எந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி இருக்கிறது. ஊர்தோறும் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. அடுத்த சம்பா அறுப்புக்கு முன், ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் எத்தனை ஏக்கர், எந்த வாரத்தில் அறுப்புக்கு வரும் என்று பட்டியல் போட்டு, இரண்டு எந்திரங்களையும் ஒரே ஒப்பந்தத்தில் பேசி வைக்கட்டும். முதல் ஆண்டில், எந்த எந்திரமும் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊர்களிலிருந்து தொடங்குவதே நியாயம்.